காக்காப்பொன்னும் ஓடைப்பொன்னும்

சின்ன வயதில் முகத்துவாரக் கடற்கரையில் மினுங்கிய மணலை அள்ளிவந்து, தங்கம் என்று வாப்பாவிடம் நீட்டினேன். "காக்காப்பொன் மகன், தண்ணியில போட்டுப் பாருங்க" என்றார். அலைந்துகொண்டு நின்றது. சோதனை அவ்வளவுதான். பொன் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், அடியில் தங்கிவிடும்.

கேரளத்து நிலம்பூரில், சாலியாற்றிலும் அதன் சிற்றோடைகளிலும் இதை நம்பியே பொன் அரிக்கிறார்கள். வயநாட்டு மலையின் வெண்கல் நரம்புகள் தேய்ந்து வந்த பொன் அது. 1880 அளவில் ஆங்கிலக் கம்பனிகள் அம்மலையைக் குடைந்து, சில வருடங்களில் கைவிட்டன. ஓடை அரிப்பு நிலைத்தது. மரத்தட்டை நீரில் சுழற்ற வெள்ளை மணல் கழியும், கருமணல் மிஞ்சும். அதற்குள் மாவுபோலப் பொன். கையால் பொறுக்க ஏலாது. பாதரசம் விட்டுப் பிசைந்து, சூடாக்கிப் பிரிப்பார்கள். அந்த ஆவி நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. வீட்டு அடுப்பில் செய்வது பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான்.

ஸகாத்? புதையலுக்குரிய ஐந்தில் ஒன்றை இதற்கும் சொல்பவர்கள் ஹனபிகள். நம் ஷாபிஈ மத்ஹபில் நாற்பதில் ஒன்று; வருடம் பூர்த்தியாக வேண்டியதில்லை, ஆனால் நிஸாப் வேண்டும்: 20 மித்கால், சுமார் 85 கிராம். தினமும் குன்றிமணியளவு எடுப்பவருக்கு அது எட்டாக்கனி போலத் தோன்றும். ஆனால் வேலை தொடர்ந்து நடந்தால் எடுத்ததையெல்லாம் சேர்த்தே எண்ண வேண்டும், முன்னையதை விற்றிருந்தாலும்.