கணிதக் கற்றல் செயலியைத் தேர்ந்தெடுத்தல்

கணிதக் கற்றல் செயலி என்பது கைப்பேசியிலோ கணினியிலோ கணக்குப் பாடத்தை விளக்கவும் பயிற்சி தரவும் உதவும் மென்பொருள் ஆகும். இவற்றுள் எது ஒரு மாணவருக்கு ஏற்றது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. மாணவர் தவறு செய்யும்போது செயலி என்ன செய்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

தஞ்சாவூர்ப் பகுதியின் நில அளவையையே எடுத்துக்கொள்ளலாம். 20 மா சேர்ந்தது ஒரு வேலி. அரை வேலி 10 மா, கால் வேலி 5 மா. இரண்டும் சேர்ந்தால் 15 மா, அதாவது முக்கால் வேலி. பழைய தமிழ்க் கணக்கில் 'மா' என்பதே இருபதில் ஒன்றைக் குறிக்கும் பின்னம். ஆனால் 1/2 + 1/4 என்று தாளில் எழுதிக் கொடுத்தால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 2/6 என்று எழுதும் மாணவர்கள் உண்டு. 2/6 என்பது மூன்றில் ஒன்று. கால் வேலியைச் சேர்த்த பிறகு நிலம் அரை வேலியைவிடக் குறைந்துபோகிறது!

செயலியைச் சோதிக்க இதுவே எளிய வழி. வேண்டுமென்றே 2/6 என்று விடை கொடுத்துப் பார்க்க வேண்டும். 'தவறு' என்று சிவப்புக் குறி காட்டி அடுத்த கணக்குக்குத் தாவும் செயலி தேர்வு மட்டுமே வைக்கிறது. பகுதிகளை ஏன் சமப்படுத்த வேண்டும் என்று படம் வரைந்து காட்டுவதே கற்பிக்கிறது. நட்சத்திரமும் நாணயமும் அள்ளித் தருபவை பெரும்பாலும் ஊகித்து அழுத்தும் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

செலவில்லாமல் கிடைப்பவற்றை முதலில் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியீடுகள் திக்‌ஷா தளத்துக்கு இட்டுச் செல்கின்றன. பள்ளிக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடத்திட்டத்தை ஒட்டிய காணொலிகள் உள்ளன. பாடநூலின் கலைச்சொற்களே இவற்றிலும் வருவதால் மாணவர் குழம்புவதில்லை. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா சிறந்தது. முக்கோணத்தின் முனையை எங்கே இழுத்தாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்பதைக் கண்ணால் காணலாம். நிறுவிய பிறகு இணையமும் தேவையில்லை.

வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் பகலில் வயலுக்குப் போய்விடும் குடும்பங்களுக்கு, இணையமின்றி இயங்கும் வசதி முக்கியம். கணக்கைப் படம் எடுத்தால் விடை தரும் செயலிகளை, நோட்டில் கணக்கைப் போட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் திறக்கலாம்.