தடித்த ஒயில்தான் நல்ல ஒயிலா?

கோப்பாயில் பருத்தித்துறை வீதியோரமுள்ள ஒரு கராஜுக்கு நான் உதிரிப்பாகங்கள் கொடுத்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் அங்கிருந்து அழைப்பு வந்தது. "நானா, உங்கட ஒயில் போட்ட டேர்போ கார் திரும்பி வந்து நிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார் மெக்கானிக்.

அது சிறிய டேர்போ எஞ்சின் பூட்டிய ஜப்பான் கார். கையேட்டில் குறிப்பிட்டிருந்தது 0 டபிள்யூ 20. வேகமாக ஓடும் எஞ்சினுக்குத் தடித்த ஒயில்தான் வேண்டும் என்று உரிமையாளரான இளைஞர் கேட்டார். என் கடையில் தேங்கிக் கிடந்தது 20 டபிள்யூ 50. மறுபேச்சில்லாமல் விற்றுவிட்டேன். விளைவு: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சத்தம், பெற்றோல் செலவு அதிகரிப்பு, கடைசியில் எச்சரிக்கை விளக்கு.

தடித்ததே நல்லது என்ற எண்ணம் இங்கு வேரூன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி, ஒயிலைத் தண்ணீராக்கியது. அதனால் தடித்த ஒயிலைத் தேடினார்கள். 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டு, நான் புத்தளத்தில் இருந்த காலம் அது. அந்தக் கதையை அந்த மெக்கானிக்தான் எனக்குச் சொன்னார். அன்று அது சரியான வைத்தியம். இன்றைய எஞ்சினுக்கு அது பொருந்தாது.

ஒயில் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பையே பிசுக்குமை என்கிறோம். பேணியிலுள்ள இரண்டாவது இலக்கம், எஞ்சின் சூடேறிய பின் உள்ள பிசுக்குமையைக் காட்டுகிறது. 100 பாகை செல்சியஸில் 20ஆம் தர ஒயில் 6.9 முதல் 9.3 சென்ரிஸ்டோக்ஸ் வரை இருக்கும். 50ஆம் தரம் 16.3 முதல் 21.9 வரை. ஏறக்குறைய இரு மடங்கு!

முதல் இலக்கத்துக்குப் பின்னால் வரும் டபிள்யூ, 'விண்டர்' அதாவது குளிர்காலத்தைக் குறிக்கும். "யாழ்ப்பாணத்தில் ஏது பனி?" என்று கேட்கலாம். ஆனால் எமக்குப் புழுக்கமான 30 பாகையும் எஞ்சினுக்குக் குளிர்தான். அந்நிலையில் எந்த ஒயிலும் சூடான நிலையைவிடப் பல மடங்கு தடித்திருக்கும். டேர்போவின் தண்டோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அங்கு ஒயில் தாமதமின்றிப் போய்ச் சேர வேண்டும்.

வலு கூடினால் ஒயிலும் தடிக்க வேண்டுமென்ற சட்டமில்லை. 2000களின் தொடக்கத்தில் வந்த பி.எம்.டபிள்யூ எம் 3 காருக்கு 10 டபிள்யூ 60 விதிக்கப்பட்டது. 2017இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காருக்கு 0 டபிள்யூ 20. இரண்டும் 300 குதிரைவலுவைத் தாண்டியவை. பெயரிங் இடைவெளி, ஒயில் பம்பு, ஒயில் சூடாகும் அளவு ஆகியவற்றைப் பார்த்தே தயாரிப்பாளர்கள் இலக்கத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

பந்தயத் திடலில் ஓடுபவர்கள் தடித்த ஒயில் போடுவதுண்டு. எம் வீதியில் ஓடும் காருக்கோ கையேடு அனுமதிக்கும் எல்லையே போதும். ஒயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு ஒரு படி கூட்டலாமா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இலக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தரமும் பார்க்க வேண்டும். 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம், சிறிய டேர்போ எஞ்சின்களில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் ஆபத்தையும் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. கையிலுள்ள எஞ்சினைக் காப்பாற்றுவது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஐந்து வருடங்கள் எமக்குக் கற்றுத்தந்தன.

அந்த இளைஞரின் காருக்கு என் செலவிலேயே ஒயிலை மாற்றிக் கொடுத்தேன். விளக்கு அணைந்தது. அன்றிலிருந்து கையேட்டையோ ஒயில் மூடியில் பொறித்திருக்கும் இலக்கத்தையோ கேட்காமல் நான் பேணியை எடுப்பதில்லை. நிறுவையில் குறைப்பது மட்டுமல்ல, பொருந்தாதென்று தெரிந்தும் விற்பதும் மோசடிதான். வாங்குபவர்களே, நீங்களும் அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள்.