பூந்திக்கொட்டை இருக்கப் பயமேன்!

2023-ஆம் வருஷம் போகிக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. இப்போது நினைத்தாலும் தொண்டை எரிகிற மாதிரி இருக்கிறது.

எங்கள் வீடு தாம்பரத்தைத் தாண்டி. போர் தண்ணீர்தான். உப்பென்றால் அப்படியொரு உப்பு! குழாய் நுனியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கும். குளியலறை டைல்ஸில் வரி வரியாய்க் கறை. பொங்கலுக்கு நாத்தனார் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வருகிறவர் கண் முதலில் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

காலையிலேயே ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் குளியலறை முழுக்கத் தெளித்து, அரை மணி ஊற விட்டேன். கறை அசையவில்லை. தெருவில் சைக்கிள்காரரிடம் வாங்கி வைத்திருந்த ஆசிட் பாட்டில் ஞாபகம் வந்தது. 'இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன்' என்று என் மகா புத்தியில் ஒரு கணக்கு. கழுவிக்கூட விடாமல் அதன் மேலேயே ஊற்றினேன்.

குப்பென்று ஒரு புகை. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். கண்ணைத் திறக்க முடியவில்லை, மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. என் இருமலைக் கேட்டு, "அம்மா, என்னம்மா?" என்று என் நாலு வயசுப் பெண் வாசலில் வந்து நின்று விட்டாள். ஏற்கெனவே அவளுக்கு வீசிங் உண்டு. அவளை வாரித் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். பின்னாலேயே என் மாமியார் வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து விட்டு, மூச்சிரைக்க மேலே வந்தார்.

டாக்டரிடம் போய்க் குழந்தைக்கு நெபுலைஸர் வைத்து, மூச்சு சீராகும் வரை உட்கார்ந்திருந்தோம். என்ன செய்தேன் என்று சொன்னதும் டாக்டரம்மா, "வீட்டுக்குள்ளேயே விஷப்புகை தயார் பண்ணிட்டீங்களே அம்மா" என்றார். ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வருமாம். 1915-ல், முதல் உலகப் போரில், ஜெர்மானியப் படை பெல்ஜியத்தில் எதிரிகள் மேல் விட்டது இதே வாயுவைத்தான். இன்னொன்றும் சொன்னார். அது காற்றை விடக் கனமானது, தாழ்வாகத் தங்கும். "நீங்க நிக்கற உயரத்துல இருக்கறதை விட, உங்க குட்டி நிக்கற உயரத்துலதான் ஜாஸ்தி இருக்கும்." அந்த வார்த்தைதான் அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் சிங்க்குக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். தரைக்கு ஒன்று, டைல்ஸுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, பினாயில், ஆசிட், மணத்துக்கு இரண்டு ஸ்பிரே... மொத்தம் ஒன்பது பாட்டில். மாதம் 600 ரூபாய்க்கு மேல் இதற்கே போய்க்கொண்டிருந்தது. மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தவர், "ஏம்மா, எங்க காலத்துல இத்தனை பாட்டில் ஏது? வீடு நாறியா கிடந்துச்சு?" என்றார். சாதாரணமாக இந்த 'எங்க காலத்துல' கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அன்று வரவில்லை.

நுரை வராது, ஆனால் அழுக்குப் போகும்

அவர் முதலில் கேட்டது பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பட்டுப் புடவைக்கும், நகை ஆசாரிகள் தங்கத்தைத் துலக்குவதற்கும் இதைத்தான் காலம் காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இதன் தோலில் உள்ள சப்போனின் என்ற பொருள் சோப்பு செய்கிற வேலையைச் செய்து எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு கொண்டு போகிறது.

பதினைந்து இருபது கொட்டைகளைத் தட்டி, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்து விட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு கால் மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். பாத்திரத்துக்கும் தரைக்கும் இதுவேதான். கடைத் திரவம் போல் நுரை பொங்காது. எனக்கு முதல் வாரம் திருப்தியே இல்லை, இரண்டு தடவை தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று கைக்குப் பழகியது. ரொம்ப எண்ணெயான வாணலிக்கு மட்டும் முதலில் கொஞ்சம் கடலை மாவோ அரிசி மாவோ தூவி, துடைத்து எடுத்து விட்டு அப்புறம் கழுவுகிறேன்.

இந்தத் தண்ணீர் வெளியில் இருந்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும், குழந்தைகள் ஜாக்கிரதை. இன்னொரு ஜாக்கிரதையை என்னவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். சர்பத் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்ததை, ஆபீஸ் விட்டு வந்த தாகத்தில் நன்னாரி என்று நினைத்து ஒரு மடக்கு வாயில் விட்டு விட்டார். கசப்பு தாங்காமல் உடனே துப்பியதால் பிழைத்தார். அவருக்காவது துப்பத் தெரிந்தது. அன்றிலிருந்து, குடிக்கிற பாட்டில் எதிலும் சுத்தம் செய்கிற எதையும் ஊற்றுவதில்லை. தனி பாட்டில், மேல் ஷெல்ஃப், பெரிய எழுத்தில் பெயரும் தேதியும்.

உப்புக் கறைக்கு

நாத்தனார் கண்ணில் படக் கூடாது என்று நான் போராடினேனே, அந்தக் கறை என்னவென்று பார்த்தால், பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். புளிப்பு எதுவானாலும் அதைக் கரைத்து விடும். இதற்குப் போய் ஆசிட்டே தேவையில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இரண்டு மேஜைக் கரண்டியை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பழைய துணியில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டினாற்போல் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தேயுங்கள். வருஷக் கணக்கில் ஏறிய கறை ஒரே நாளில் போகாது. வாரம் ஒரு தடவை என்று நாலைந்து வாரம் செய்தேன். குழாய் நுனிக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியையே தொப்பி மாதிரி மாட்டி வைக்கலாம். ஷவர் துளை அடைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை விட்டு, ஷவர் முகம் அதில் முழுகும்படி ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி விட்டு விட்டால், காலையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே திறந்து விடும்.

ஆனால் ஒன்று. கடப்பைக்கல் மேடை, மொசைக் தரை, மார்பிள் இவற்றின் பக்கம் எலுமிச்சையையோ வினிகரையோ கொண்டு போகாதீர்கள். கடப்பைக்கல்லே சுண்ணாம்புக்கல்தானே! கறையைக் கரைக்கிற புளிப்பு கல்லையும் கரைத்துப் பளபளப்பை எடுத்து விடும். என் சமையல் மேடையில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் வட்டமாக ஒரு மங்கல் இருக்கிறது, அழியாத முத்திரை. கல்லுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும்.

ஆரஞ்சுத் தோல் சீசனில் இன்னொரு திரவமும் செய்கிறேன். 100 கிராம் வெல்லம், 300 கிராம் ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். மூன்றையும் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூன்று மாதம் புளிக்க விட்டு, வடிகட்டித் தரை துடைக்கும் தண்ணீரில் கொஞ்சம் விட்டால் நல்ல வாசனை. (மொசைக் தரைக்காரர்களுக்கு இது வேண்டாம், இதுவும் புளிப்புதான்.) முதல் மாதம் தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். பாட்டிலில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது. நான் ஊருக்குப் போய் நாலு நாள் மறந்ததில், திரும்பி வந்த ராத்திரி 'டமால்' என்று ஒரு சத்தம். சிலிண்டர்தான் போயிற்று என்று எல்லோரும் கட்டிலை விட்டு எழுந்து ஓடினோம். கூரையெல்லாம் ஆரஞ்சுத் தோல்!

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கப் பொங்கச் சிங்க்கில் ஊற்றுவது இப்போது எங்கே பார்த்தாலும் சொல்லப்படுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஒன்று காரம், ஒன்று புளிப்பு; இரண்டும் ஒன்றையொன்று தின்று விட்டு மிச்சம் நிற்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். சோடாவை மட்டும் தூவி ஈரத்துணியால் தேய்த்தால் சிங்க்கின் பிசுக்குப் போகும். வினிகரைத் தனியாக வைத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு, பாதிக்குப் பாதி தண்ணீரோடு, பழைய செய்தித்தாளால் துடைக்கலாம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் சோடா வேண்டாம், கறுத்துப் போகும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகு விபூதியால் ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள்.

வாசனை விஷயம்

இதில்தான் எனக்கும் மாமியாருக்கும் சின்ன மனத்தாங்கல் வந்தது. கடை ஸ்பிரேயை நிறுத்தியதும் அவர் சந்தோஷமாகச் சாம்பிராணித் தட்டை எடுத்தார். குழந்தையைக் குளிப்பாட்டித் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டி வளர்த்த கைகள் அவை. டாக்டரம்மாவோ, வீசிங் உள்ள குழந்தைக்குச் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, எந்தப் புகையும் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார். அதை எப்படி அத்தையிடம் சொல்வது? இரண்டு நாள் மென்று முழுங்கி, மூன்றாம் நாள், "அத்தை, வெள்ளிக்கிழமை மட்டும் வாசல்ல வச்சுக் காட்டிடலாமா? பாப்பா ஸ்கூல் போன அப்புறம்?" என்றேன். முகம் வாடியது. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தட்டு வாசலில்தான் இருந்தது.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். வெட்டிவேரை ஒரு பிடி எடுத்து மெல்லிய துணியில் கட்டி ஜன்னலில் தொங்க விட்டு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் வருகிற காற்றே குளிர்ந்து மணக்கும். சமையலறையில் மீன் வாடை இருந்தால் எலுமிச்சைத் தோல், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு போட்டுச் சின்ன அடுப்பில் தண்ணீர் கொதிக்க விட்டால் கால் மணியில் வாடை போய் விடும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா, மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டும். எங்கள் படுக்கையறையில் இத்தனைக்கும் போகாத ஒரு நாற்றம் இருந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் சுவரில் ஈரம் ஊறிப் பூசணம்! அதற்கு வெட்டிவேர் என்ன செய்யும்? கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

துணி பீரோவுக்கு அந்துருண்டை போடுவதையும் நிறுத்தி விட்டேன். நாப்தலீன் உருண்டை என்றால், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற என்ஸைம் குறைவாக இருக்கும்; அவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து விடும். பச்சைக் குழந்தையின் துணியோடு அதைப் போட்டு வைக்கவே கூடாது. கற்பூரமும் அப்படித்தான், வாயில் போட்டால் குழந்தைக்கு வலிப்பே வரும். நான் காய்ந்த வேப்பிலையையும் வசம்புத் துண்டையும் துணிப் பையில் கட்டிக் குழந்தை கைக்கு எட்டாத தட்டில் வைக்கிறேன். மாமியாரின் பட்டுப் புடவைப் பெட்டியில் தாழம்பூ மடல். அவருடைய அம்மா வைத்த பழக்கமாம்.

ஒன்றே ஒன்றை மறைக்காமல் சொல்லி விடுகிறேன். புளி, எலுமிச்சை, பூந்திக்கொட்டை எல்லாம் அழுக்கைப் போக்கும். கிருமியைக் கொல்லும் என்று நம்பி விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் கழிப்பறைக்கு நானும் ப்ளீச்சிங்கைத்தான் எடுக்கிறேன். பாக்கெட்டில் போட்ட அளவு, வெறும் பச்சைத் தண்ணீர், திறந்த ஜன்னல், கையில் உறை. ஆசிட் மட்டுமல்ல, கடையில் வாங்கும் கழிப்பறைத் திரவம், நம் வீட்டு வினிகர், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் தண்ணீர், எதுவும் அதோடு சேரக் கூடாது. வீட்டில் செய்தது என்பதால் வினிகர் ஒன்றும் சாது ஆகி விடாது. ப்ளீச்சிங்கில் பட்டால் அதே குளோரின்தான். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் அதனோடு ஆகாது.

ஆசிட் சைக்கிள்காரர் இன்னும் எங்கள் தெருவில் வருகிறார். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது அவர் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. "என்னம்மா, இப்பல்லாம் வாங்கறதே இல்ல?" என்று போன வாரம் கேட்டார். துடைப்பம் இருக்கிறதா என்று கேட்டு ஒன்று வாங்கினேன். குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒரு கறை மட்டும் இன்னும் இருக்கிறது. நாத்தனார் அதைப் பார்த்து விட்டார். பார்த்து விட்டுப் பூந்திக்கொட்டை எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்டுக்கொண்டு போனார்.