மூக்கில் பதுங்கும் "தங்கக் கிருமி"! ரத்தப் புற்றுநோயாளிகளிடம் கைவரிசை

திருடன் வெளியே இருந்து வருவான் என்று வாசலில் பூட்டுப் போட்டு காவல் இருக்கிறோம். அவன் நம் வீட்டுப் பரண் மேலேயே படுத்துக் கிடந்தால்?

ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை பெறுபவர்கள் கதையும் அப்படித்தான். அவர்கள் ரத்தத்தில் புகுந்து உயிருக்கு உலை வைக்கும் கிருமிகளில் ஒன்று, பல நாட்களாக அவர்கள் மூக்கிலேயே குடியிருந்த ஆசாமி!

யார் அது?

பெயர் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ். வாயில் நுழையாத பெயர்தான். 1880-ம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன் நகர அறுவை சிகிச்சை டாக்டர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டியில் இருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் கொத்து மாதிரி கும்பலாக நின்றது இந்தக் கிருமி. கிரேக்க மொழியில் அதையே பெயராக வைத்து விட்டார். "ஆரியஸ்" என்றால் தங்க நிறம். வளர்த்துப் பார்த்தால் மஞ்சளாகப் படரும்.

100 பேர் மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு சோதித்தால், சுமார் 30 பேரிடம் இது அகப்படும். பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இருக்கலாம். உங்களிடமும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். நல்ல உடம்புக்காரரை பெரும்பாலும் அது ஒன்றும் செய்வதில்லை. மூக்கை நோண்டும் பழக்கம் உள்ளவர்களிடம் இது அதிகம் என்று 2006-ல் நெதர்லாந்து டாக்டர்கள் எழுதினார்கள். (பைல் பார்த்துக்கொண்டே நோண்டும் ஆபீஸ் அன்பர்கள் கவனிக்க!)

கைரேகை சிக்கியது

மூக்கில் இருந்ததுதான் ரத்தத்துக்குப் போனது என்பதற்கு என்ன சாட்சி? ஜெர்மனியில் மூன்ஸ்டர் பல்கலைக்கழக டாக்டர்கள் துப்பு துலக்கினார்கள். ரத்தத்தில் இந்தக் கிருமி புகுந்த 219 நோயாளிகளின் மூக்கிலும் மாதிரி எடுத்தார்கள். இரண்டு கிருமிகளின் மரபணுவையும் வெட்டி, கோடு கோடாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். கைரேகை பார்ப்பது மாதிரி!

180 பேரிடம் இரண்டும் ஒன்றே. 100-க்கு 82 பேர்! 2001-ம் ஆண்டு இந்த முடிவு வெளியானது.

இரண்டு பக்கமும் கூர்

இப்போது ஸ்டீராய்டு விஷயத்துக்கு வருவோம்.

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். இந்த வகை மருந்துகளுக்கான ஆராய்ச்சிக்கு 1950-ல் நோபல் பரிசே கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் அணுக்கள் மளமளவென்று செத்தன. இன்றைக்கும் குழந்தைகளுக்கு வரும் லிம்போசைட் வகை ரத்தப் புற்றுநோயில், முதல் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டுதான் முக்கிய மருந்துகளில் ஒன்று. பெரியவர்களுக்கு எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா நோய்க்கு டெக்சாமெத்தசோன் கொடுக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கத்தி கெட்ட அணுவை மட்டும் வெட்டுவதில்லை. நல்ல லிம்போசைட்டுகளும் சாகின்றன. கிருமியைத் தின்னும் மற்ற வெள்ளை அணுக்கள் ரத்தக் குழாயிலேயே சுற்றிக்கொண்டு இருக்கும். போலீஸ் லாரி மெயின் ரோட்டில் ரோந்து வருகிறது, சந்துக்குள் ஒருவரும் இறங்குவதில்லை என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதை! ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை கூடுதலாகக்கூட காட்டும்.

இதை விட விபரீதம், ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி விடும். உள்ளே கிருமி பெருகும். தெர்மாமீட்டர் சாதுவாக இருக்கும். மருந்து ஏற்ற நரம்பில் பொருத்தி இருக்கும் குழாயும், தோலில் படும் சிறு கீறலும் கிருமிக்கு வாசல்.

977 பேரிடம் சோதனை

இங்கிலாந்து முதலான பிரிட்டிஷ் பகுதிகளில் 93 ஆஸ்பத்திரிகளில் புதிதாக மைலோமா கண்ட 977 பேரை 2012 முதல் 2016 வரை சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு 12 வாரம் தினமும் லீவோபிளாக்சசின் மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 27 பேருக்கு காய்ச்சல் அல்லது மரணம். மருந்து சாப்பிட்டவர்களில் 19 பேர். 2019-ல் இது வெளியானது.

அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்து விடலாமே? அங்கேதான் சிக்கல். அள்ளிக் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காது. ஆகவே மூக்கையே சுத்தம் செய்யும் யோசனை. நெதர்லாந்தில் இந்தக் கிருமி இருந்தவர்களுக்கு மூக்கில் முபிரோசின் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் சோப்பு போட்டு குளிக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இந்தக் கிருமி தாக்குவது 100-க்கு 7.7-ல் இருந்து 3.4 ஆகக் குறைந்தது (2010). ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆபரேஷனுக்கு வந்தவர்கள். புற்றுநோயாளிக்கும் அதே கணக்கு என்று எழுதினால் அது புரளி.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அதே நாட்டில் 14 ஆயிரம் நோயாளிகளை கவனித்தார்கள். மூக்கில் கிருமி உள்ளவர்களுக்கு ரத்தத்தில் தொற்று 3 மடங்கு அதிகம். ஆனால் தொற்று வந்த பிறகு அதனால் செத்தவர்கள், மூக்கில் கிருமி இல்லாதவர்களில்தான் அதிகம்! உடம்பு பழகிய கிருமியோடு கொஞ்சம் சமாளிக்கிறது போலும்.

வீட்டில் நோயாளி இருந்தால்

சிகிச்சையில் இருப்பவருக்கு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி 2 மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்றால் காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், திடீர் சோர்வு, குழப்பமான பேச்சு வந்தாலும் அதே அவசரம்தான். கிருமி பயத்தில் ஸ்டீராய்டு மாத்திரையை தாங்களாகவே நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. பல வாரம் சாப்பிட்ட உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தி இருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் படுத்து விடும். எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்க வேண்டும்.