காட்டை எண்ணுவோரும் எழுதுவோரும்

தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டில் 1988ஆம் ஆண்டு, பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் 50 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு பொருத்தினர். 1993இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் சிங்கராஜ வனத்தின் 25 ஹெக்டேயரில் இதே பணியைத் தொடங்கினர். அங்கு எண்ணப்பட்டவை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள்! சில ஆண்டுகளுக்கொருமுறை அவற்றை மீண்டும் அளப்பர். எது வளர்ந்தது, எது பட்டுப்போயிற்று என்பது அப்போதுதான் புலனாகும். அயனமண்டலக் காடுகளைப் பற்றிய ஆராய்ச்சி இன்று பெரிதும் இந்நெடுங்காலக் கணக்கையே நம்பியுள்ளது.

ஆயினும், இவ்வாய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், மேலைநாட்டுச் சஞ்சிகைகளிலேயே வெளியாகின்றன. அவற்றுட் பலவற்றைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும். காட்டோரத்தில் வாழ்பவருக்கு அவை எவ்வாறு எட்டும்? கோயம்புத்தூரிலிருந்து 2009 முதல் வெளிவரும் 'ஜேர்னல் ஒவ் திரெட்டண்ட் ரக்சா' என்னும் ஆய்விதழை எவரும் இலவசமாகப் படிக்கலாம். அதுவும் ஆங்கில ஏடே. எனினும் அதன் சில கட்டுரைகள் தமிழ்ச் சுருக்கத்துடன் வந்துள்ளன. அத்தகைய சுருக்கத்தை எழுத, அறிவியலோடு மரங்களின் தமிழ்ப் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

ரொறன்ரோவில் எமது வகுப்பில், ஊர் மரங்களின் பெயர்களைக் கேட்டோம். பனை, வேம்பு என்றனர் மாணவர். முதிரையை ஒருவரும் சொல்லவில்லை.