வேலியில் இருந்த வலியான்

அயலில் ஒரு கமரா – 9

சென்ற கிழமை பொன்னாலைப் பாலத்துப் பூநாரைகளோடு நிறுத்தியிருந்தேன். அன்று எங்களோடு வந்த ஒருவரைப் பற்றி எழுத இடம் போதவில்லை. இந்தக் கிழமை அவரிலிருந்து தொடங்குகிறேன்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர். தோளில் 600 மில்லிமீற்றர் லென்ஸ். அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். பாலத்தடியில் பூநாரைக் கூட்டத்தைப் பத்து நிமிடம் பார்த்தார், நாலைந்து படம் எடுத்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்: “இஞ்ச கரிக்குருவி எங்க பாக்கலாம்?”

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து பாலம் வரும் வழியில் கரன்ற் கம்பியில், பனை வடலியில், மாட்டின் முதுகில் என்று ஒரு டசினையாவது கடந்து வந்திருப்போம். ஒருவர்கூடச் சைக்கிளை நிறுத்தவில்லை. கரிக்குருவிக்கு ஒரு மெமரி கார்ட்டை யார் செலவழிப்பது?

அவர் விளக்கினார். கொழும்பில் இந்தக் குருவி இல்லை. இலங்கையின் மற்றப் பக்கங்களில் காண்பது வயிற்றில் வெள்ளை உள்ள கரிச்சான். தென்மேற்கு ஈரக் காடுகளில் இருப்பது கொண்டை வைத்த இன்னொன்று. முழுக் கறுப்பும் இரட்டை வாலுமாக நிற்கிற எங்கள் கரிக்குருவியைப் பார்க்கப் புத்தளத்துக்கு மேலே கரையோரமாக ஏறி, மன்னார், யாழ்ப்பாணம் என்று வரவேண்டும். கௌதாரியும் அப்படித்தான். கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட சாம்பல் புறா, செம்மண் நிற முதுகுள்ள நீண்ட வால் கீச்சான், இவைகளுக்கும் இலங்கையில் வீடு பெரும்பாலும் வடக்கும் வடமேற்கும்தான். 1955இல் வந்த ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் கையேட்டிலும் இதைக் காணலாம். காரணம் பெரிய மர்மம் இல்லை. மழை குறைந்த, வெட்டவெளியான, பனை நின்ற எங்கள் மண் அக்கரைத் தமிழ்நாட்டுக் கரையின் ஒரு துண்டு போலத்தான் கிடக்கிறது. அக்கரையில் தெருக்குருவியாகத் திரிவது இக்கரையிலும் தெருக்குருவி. ஆனால் தீவின் மற்றப் பக்கத்தாருக்கு அது ஒரு இரவுப் பயணத்தின் தூரத்தில் இருக்கிற அரிய பொருள்.

அவர் பூநாரையை விட்டுக் கம்பிக் குருவிக்காகக் குந்தியிருந்த அரை மணி நேரமும் எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

எங்கள் கமராக் கூட்டத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆறு ஏழு பேர். சனிக்கிழமை விடிய ஐந்தேகாலுக்குச் சந்தித் தேத்தண்ணிக் கடை. ஒரு மாஸ்ரர், வங்கியில் வேலை செய்கிற ஒரு பெடியன், கம்பஸில் விலங்கியல் படிக்கிற ஒரு பிள்ளை, முந்தி ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு அண்ணை. அந்தப் பிள்ளையிடம் இருப்பது நிக்கோன் பி900. லென்ஸ் மாற்ற முடியாத, 83 மடங்கு கிட்ட இழுக்கிற கமரா. விலை கூடிய கமரா வைத்திருப்பவர்கள் அதை இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் கூட்டத்தில் பறவையைச் சரியாக இனங்கண்டு சொல்வது அந்தக் கமராதான்.

கொழும்புக்காரர் போன அன்றே ஒரு சட்டம் போட்டோம்: ஒரு மாதத்துக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம் மட்டும். சில்லாலை, மாதகல், சங்கானை, சண்டிலிப்பாய்ப் பக்கம் வழுக்கையாறு. அதற்கு மேல் வேண்டாம்.

சங்கானைப் பக்கத்து வயலில் அது தை மாத அறுவடை நேரம். வெட்டும் மெஷின் ஒரு வரம்பிலிருந்து மறு வரம்புக்குப் போக, பின்னால் உண்ணிக்கொக்குகள் ஊர்வலமாக நடந்தன. வெட்டி முடிந்த துண்டில் இரண்டு மாடு கட்டியிருந்தது. செவலை மாட்டின் முதுகில் ஒரு கரிக்குருவி, காலடியில் ஒரு கொக்கு. மாடு ஒரு அடி வைக்கும், வெட்டுக்கிளி ஒன்று கிளம்பும், கரிக்குருவி அம்பு போலப் பாய்ந்து அந்தரத்தில் பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே முதுகில் வந்து குந்தும். படம் எடுப்பவனுக்கு இந்தப் பழக்கம் பெரிய உதவி. பறக்கிற குருவியைத் துரத்தத் தேவையில்லை. முதுகில் போக்கஸை வைத்து, ஷட்டரை 1/2000இல் விட்டு, காத்திருந்தால் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரே படத்துக்குள் கரிக் கறுப்பும் பால் வெள்ளையும். கறுப்பில் இறகு தெரிய வெளிச்சத்தைக் கூட்டினால் கொக்கு வெறும் கடதாசியாகிவிடும். கொக்கைக் காப்பாற்றக் குறைத்தால் கரிக்குருவி ஒரு மை ஒட்டு.

ஸ்ரூடியோ அண்ணை சிரித்தார். “சில்லாலைக் கோயில் கலியாணம் எத்தினை எடுத்தனான் தம்பி! பொம்பிளைக்கு வெள்ளைச் சட்டை, மாப்பிள்ளைக்குக் கறுத்தக் கோட்டு. ரெண்டும் ஒரு பிளாஷில விழவேணும். கொக்கும் கரிக்குருவியும் எனக்கு ஒரு வேலையோ?”

அவர் எடுத்த முதல் இருபது படத்திலும் கொக்கு இல்லை. கொக்கு நின்ற இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை.

பிழை அவருடைய கண்ணில் இல்லை, பழக்கத்தில். நெகற்றிவ் பிலிமில் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் பயமில்லை, பிரின்ற் போடும்போது வெள்ளையை இழுத்து எடுக்கலாம். குறைந்தால்தான் கறுப்பு போய்விடும். அதனால் கலியாண வீட்டில் கோட்டைப் பார்த்து வெளிச்சம் வைத்தார், சட்டை தானாக வந்தது. டிஜிற்றலில் கதை நேர் எதிர். கறுப்புக்குள் ஒளிந்திருப்பதை ஓரளவு பிறகு வெளியே எடுக்கலாம். எரிந்துபோன வெள்ளையில் எடுக்க ஒன்றுமே இல்லை. முப்பது வருடக் கைப்பழக்கத்தை ஒரு விடியலில் திருப்பிப் போடுவது லேசான காரியம் இல்லை. அண்ணை ஒன்றும் பேசாமல் வரம்பில் இருந்து கமராவின் ஒளி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பி, சூரியனை முதுகுக்குப் பின்னால் விடுகிற மாதிரி மாட்டைச் சுற்றி நடந்து வந்து, கொக்குக்கு அளவாக வெளிச்சத்தை இறக்கினார்.

அந்தச் சாய்ந்த வெயிலில் கரிக்குருவி கறுப்பாக இல்லை. தோளில் நீலம் ஓடியது, வாலின் பிளவில் கொஞ்சம் பச்சை. வாயோரத்தில், அலகு தொடங்குகிற இடத்தில், கடுகளவு வெள்ளைப் பொட்டு ஒன்று. கம்பஸ் பிள்ளை பி900இன் திரையில் அதைக் காட்டி, “இதுதான் அண்ணை அடையாளம்” என்றாள். நாற்பது வருடமாகப் பார்க்கிற குருவி. அந்தப் பொட்டை அன்றைக்குத்தான் கண்டேன்.

எட்டரைக்குப் பிறகு கானல் எழும்பிவிடும். அதற்குமேல் எவ்வளவு பெரிய லென்ஸ் இருந்தாலும் படம் தண்ணீருக்குள்ளால் பார்த்தது போலத்தான். அதனால் மாஸ்ரர் கதை சொல்லத் தொடங்கினார். புராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த ஊர் இது. திருவிளையாடலில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் தெரியாதவர்கள் முந்தி குறைவு. மற்றப் பறவைகள் கொத்தி விரட்டிய ஒரு சின்னக் குருவி மதுரைக்குப் போய்ச் சொக்கநாதரிடம் மந்திரம் பெற்று, வலியான் என்று பெயரும் வாங்கித் திரும்பிய கதை. பரஞ்சோதி முனிவர் எதைப் பார்த்துப் பாடினாரோ, வயலில் நடப்பது அதுதான். மாஸ்ரர் சொல்லி முடிக்க முதலே ஒரு காகம் வடலிப் பக்கம் வந்தது. மாட்டின் முதுகில் இருந்தவர் கிளம்பி அதன் பிடரியில் இரண்டு குத்துவிட்டு வயல் எல்லை தாண்டும்வரை கலைத்துவிட்டு வந்தார். பருந்தையும் விடமாட்டார். அவர் கூடு கட்டுகிற மரத்திலேயே புறாவும் புலுனியும் வந்து கூடு வைப்பது அந்தக் காவலுக்காகத்தான்.

கூட்டைப் படம் எடுப்பதில்லை என்பது எங்கள் இன்னொரு சட்டம். படத்துக்கு மறைக்கிறது என்று ஒரு கொப்பை வளைத்தால் வெயிலும் காகமும் உள்ளே போகும். பறவைப் படக்கலையின் ஆரம்ப காலமும் கூட்டோடுதான்: 1892இல் இங்கிலாந்தில் கேர்ற்றன் சகோதரர்கள் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படம் எடுத்தார்கள். பிறகு பறவைக்குத் தெரியாமல் கிட்டப் போக மாட்டுத் தோலால் வெறும் வயிறுள்ள ஒரு பொய் மாடு செய்து அதற்குள் ஒளிந்திருந்தார்கள். எங்களுக்கு நிச மாடே நின்று தந்தது.

மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். மைலாப்பூரில் இருந்துகொண்டு பழைய உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தன் கமராவைத் தானே கட்டியவர். கறுப்பு வெள்ளையை விட்டுக் கடைசிவரை வரவில்லை. 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதிய பத்தியில் யானைக்கும் காட்டுக்கும் கொடுத்த மரியாதையை வீட்டுக் கோடியில் திரிகிற பறவைக்கும் கொடுத்தார். தூரத்துக் காடு பார்க்க முடியாதவன்தான் அயலைப் பார்ப்பான் என்பது பொய். அவர் இரண்டையும் பார்த்தார்.

படத்தோடு திகதியும் இடமும் எழுதி வைக்கப் பழகியிருக்கிறோம். தை மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக் காலம். 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம் வருடாவருடம் செய்கிற வேலை அது. எங்கள் கரிக்குருவிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, அது நீர்ப்பறவை அல்ல. ஆனாலும் எந்த வயலில் எத்தனை என்று குறித்துக்கொண்டு வருகிறோம். அந்த வேலையைத் தானாகக் கேட்டு வாங்கியவர் அண்ணை. பேனையால் எழுதுகிறார், பழைய ஸ்ரூடியோ ரசீதுப் புத்தகம்.

அடுத்த சனிக்கிழமை அவர் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ற் போட்டுக் கொண்டுவந்தார். கொக்கின் ஒவ்வொரு இறகும் இருந்தது, குருவியின் வெள்ளைப் பொட்டும் இருந்தது. வயல்காரரிடம் நீட்டினோம். அவர் சால்வையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெயிலுக்குச் சரித்து நெடுநேரம் பார்த்தார்.

“குருவி கிடக்கட்டும் தம்பி,” என்றார். “மாடு நல்லா விழுந்திருக்கு. அந்தக் காதில இருக்கிற வெட்டு, கன்றா இருக்கேக்க முள்ளுக்கம்பி பட்டது. அதுகூடத் தெரியுது பாருங்கோ.”

(தொடரும்)