ஒட்டிய உறைக்குள் ஒரு நீதி

புள்ளியியல் என்றதும் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவையே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. சேகரித்த தரவுகளைக் கணக்கிட்டுத் தருபவரே புள்ளியியலாளர் என்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால், மருத்துவ ஆய்வில் அவருடைய முதன்மையான பணி, முதல் நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோய்க்கான புதிய மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிரிட்டனுக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லாருக்கும் கொடுக்க இயலாது. யாருக்குக் கொடுப்பது? மருத்துவரே தேர்ந்தெடுத்தால், பிழைத்துவிடுவார் என்று தோன்றுபவருக்கே மருந்து போகலாம். பிறகு அவர் தேறினால், அது மருந்தாலா, அவரது உடல் வலிமையாலா என்று பிரித்தறிய முடியாது.

இதற்கு வழி கண்டவர் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். இளமையில் காசநோய் தாக்கியதால் மருத்துவம் படிக்கும் வாய்ப்பை இழந்தவர் அவர். எந்த நோயாளி எந்தக் குழுவில் சேர்வார் என்பதைச் சமவாய்ப்பு எண்களே முடிவு செய்தன. அந்த முடிவு ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஆய்வுக்கு ஒருவரை ஏற்ற பிறகே உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்கும் யார் எந்தக் குழு என்பது தெரியாது.

முடிவுகள் 1948இல் வெளியாயின. ஆறு மாதங்களில், மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். அதாவது 7 விழுக்காடு, 27 விழுக்காடு. இரு குழுக்களும் விருப்பு வெறுப்பின்றிப் பிரிக்கப்பட்டதால்தான் இந்த வேறுபாட்டை மருந்தின் பயன் என்று நம்ப முடிந்தது.

இதே முறை நம் சென்னையிலும் பயன்பட்டது. 1956இல் இங்கு தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் சிகிச்சை அளித்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. குடும்பத்தினருக்குத் தொற்று அபாயமும் கூடவில்லை. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் தங்கும் நிலை உலகெங்கும் மாற இந்த ஆய்வு துணைசெய்தது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒரு மாணவர் தம் விருப்பப்படி வகுப்பில் பாதிப் பேரைக் கைப்பந்துக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்வானோர், எஞ்சியோர் ஆகிய இரு தரப்பின் சராசரி உயரத்தையும் காணச் செய்யுங்கள். அடுத்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்து மீண்டும் கணக்கிடச் சொல்லுங்கள். பலமுறை குலுக்கினால், சராசரிகள் பெரும்பாலும் நெருங்கி வருவதை மாணவர்களே காண்பார்கள். தொடக்க வகுப்புகளில் கணக்கீடு இன்றி, இரு வரிசைகளாக நிற்கவைத்தே ஒப்பிடலாம். எது நியாயமான ஒப்பீடு என்ற கேள்வியை அவர்களிடமே விடுங்கள்.